கீழே கிடந்த விதையை வைத்து மரத்தைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மரம் பார்க்கப் போகும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். இலையும் பூவும் எட்டாத உயரத்தில் இருக்கும். கைக்குக் கிடைப்பது தரையில் கிடக்கிற விதைதான். அதனால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே கேட்கிறார்கள், பெரும்பாலும் அதே கேள்விகளை. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே விட்டிருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியிலும் நகரத் தெருக்களிலும் உள்ள மரங்களை மனத்தில் வைத்துத்தான் பதில்கள். மலைச் சோலைக்காடுகளுக்கு இது உதவாது.

அக்கா, ரோட்ல இந்த விதை கெடந்துச்சு. படம் அனுப்பியிருக்கேன். என்ன மரம்னு சொல்லுங்களேன்?

உள்ளங்கையில் வைத்து எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துச் சில மரங்களைச் சொல்லிவிடலாம், பலவற்றைச் சொல்ல முடியாது. விதைகள் பெரும்பாலும் பழுப்பாக, வழவழப்பாக, ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அது எந்த உறைக்குள் இருந்து வந்தது என்பதில்தான் அடையாளமே இருக்கிறது. நெற்று, வெடித்த ஓடு, காய்ந்த சதை, எது கிடைத்தாலும் விதையை விட அது அதிகம் சொல்லும்.

ஆகவே விதையை எடுத்த கையோடு சுற்றி நாலடி பாருங்கள். முழுக்காய், உடைந்த காய், பழுத்து விழுந்த இலை, மூன்றையும் பொறுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் பரப்பி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஸ்கேல் இல்லையென்றால் ஒரு ரூபாய் நாணயம். விதையின் இரண்டு பக்கமும், காம்பு ஒட்டியிருந்த முனையும் தெரிய வேண்டும். ஊரையும் மாதத்தையும் எழுதுங்கள். மாசி, பங்குனியில் கொட்டும் மரம் வேறு, ஆனி, ஆடியில் கொட்டும் மரம் வேறு. மாதத்தைச் சொன்னாலே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.

விதை விதைன்னு சொல்றீங்க. நான் எடுத்தது விதையா, காயா, கொட்டையான்னே தெரியலையே?

நியாயமான சந்தேகம். தரையில் 'விதை' என்று நாம் எடுப்பதில் பாதி, உண்மையில் முழுக்காய். நீர்மருதின் ஐந்து பட்டைக் காய் (பட்டை என்றால் இங்கே காயின் பக்கத்தில் சிறகுபோல் புடைத்து நிற்கும் முகடு), தேக்கின் உப்பிய காகிதப் பைக்குள் இருக்கும் கடினமான உருண்டை, ஆயா மரத்தின் மெல்லிய வட்டம், எல்லாமே காய்கள்தாம். விதை அதற்குள்ளே இருக்கிறது. வேப்பங்கொட்டை, நாட்டுப் பாதாம் கொட்டை போன்றவை பழத்தின் உள் ஓடு. அதை உடைத்தால் வரும் பருப்புதான் விதை.

எளிய சோதனை ஒன்று உண்டு. காம்பு ஒட்டியிருந்த அடையாளம் ஒரு முனையிலும், பூவின் சூல்முடி (மகரந்தம் ஒட்டும் நுனி) காய்ந்த சின்ன முனை மறுபக்கத்திலும் தெரிந்தால் அது காய். ஒரே ஒரு தழும்பு மட்டும் இருந்தால் அநேகமாக விதை. சந்தேகம் தீராவிட்டால் ஒன்றைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். வெட்டுவதற்கென்று எப்போதும் நாலைந்து சேர்த்தே எடுத்து வாருங்கள்.

மரத்துக்கு அடியில கெடந்தா அந்த மரத்தோடதுதானே? இதுல என்ன கொழப்பம்?

குழப்பம் முழுக்க இங்கேதான். வௌவால்கள் பாதாம், புன்னை, இலுப்பை, நெட்டிலிங்கம் ஆகியவற்றின் பழங்களைக் கவ்விக்கொண்டு போய் வேறொரு மரத்தில் தொங்கியபடி தின்னும். கொட்டையை அங்கேயே போடும். அரசமரத்தடியில் நெட்டிலிங்கக் கொட்டை குவிந்து கிடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். காக்கையும் மைனாவும் வேப்பங்கொட்டையை எங்கும் எச்சமிடும். சிறகுள்ள விதைகளை அடுத்த தெருவரை காற்று தள்ளிவிடும். போதாததற்கு மாநகராட்சித் துடைப்பம் வேறு.

மேலே இருக்கும் மரத்தோடதுதானா என்று தெரிந்துகொள்ள, பல பருவங்களில் காய் கிடக்கிறதா என்று பாருங்கள். பிஞ்சு, பழுத்தது, போன வருஷத்து மக்கிய ஓடு என்று கலந்து கிடந்தால் மரம் தலைக்கு மேல்தான். எல்லாம் ஒரே அளவாக, சதை சுரண்டப்பட்டுச் சுத்தமாக, ஒரு கிளைக்கு நேர்கீழே மட்டும் குவிந்திருந்தால் வௌவாலையோ பறவையையோ சந்தேகப்படுங்கள். அண்ணாந்து பார்த்துக் கிளையில் ஒரு காயாவது கண்ணில் பட்டால் வழக்கு முடிந்தது.

செகப்பா பளபளன்னு இருக்கே, இது குன்றிமணிதானே?

முழுச் சிவப்பாக இருந்தால் இல்லை. குன்றிமணியில் கறுப்புப் பொட்டு இருக்கும். அது வேலியில் படரும் கொடி, மரமே அல்ல. பொட்டில்லாமல், கொஞ்சம் தட்டையாக, இரண்டு பக்கமும் உப்பி, ஒரு முனை லேசாகக் கூராக இருப்பது ஆனைக்குன்றிமணி. மஞ்சாடி என்றும் சொல்வார்கள். அடியில் முறுக்கிச் சுருண்ட பழுப்பு நெற்றுகள் கிடக்கும், சிலவற்றில் விதை ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டையும் பொற்கொல்லர்கள் எடைக்குப் பயன்படுத்தினார்கள். விதைக்கு விதை எடை பெரிதாக மாறாது என்பதுதான் காரணம். மஞ்சாடி ஏறக்குறைய நான்கு சேர்ந்தால் ஒரு கிராம்.

பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குன்றிமணியின் பருப்பு கடும் நஞ்சு. ஓடு உடையாத வரை கையால் தொடுவதில் பிரச்சினையில்லை. துளையிட்டு மாலை கோப்பதும், குழந்தை கையில் கொடுப்பதும் வேண்டாம்.

றெக்கை வெச்ச விதை நெறைய இருக்கே, எதை எப்படிப் பிரிக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், காரணம் விடை பெரும்பாலும் உறுதியாகக் கிடைக்கும். இரண்டு விஷயம் பாருங்கள்: சிறகு எத்தனை, விதை அதில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வட்டமான சிறகின் நடுவில் விதை இருந்தால் ஆயா, வேங்கை, செம்மரம் மூன்றில் ஒன்றைத் தேடலாம். ஆயா மரத்தின் வட்டம் மெல்லிய காகிதம். சுமார் இரண்டரை சென்டிமீட்டர், வலைபோல நரம்பு, மேல்முனையில் சின்ன வெட்டு. மாசி, பங்குனியில் இலையில்லாத மரம் முழுக்கப் பச்சையாகத் தொங்கிவிட்டு, பழுப்பாகித் தெருவெல்லாம் பறக்கும். பக்கத்தில் இலை கிடைத்தால் கசக்கி முகர்ந்து பாருங்கள், நாறும். வேங்கையும் செம்மரமும் இதை விடப் பெரிய, தடித்த வட்டம். நடுவில் எலும்புபோல் கெட்டியான மேடு. இந்த இரண்டையும் காயை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். சிற்றிலைகள் மூன்றாக, சில சமயம் ஐந்தாக இருந்து, பட்டை கட்டங்கட்டமாகக் கறுத்து வெடித்திருந்தால் செம்மரம். ஐந்து முதல் ஏழு சிற்றிலை என்றால் வேங்கை.

சிறகு நீளமாக இருந்து விதை ஒரு முனையில் இருந்தால் முதலில் மகோகனியை நினையுங்கள். சென்னைச் சாலைகளிலும் கல்லூரி வளாகங்களிலும் நிறைய இருக்கிறது. மேல்நோக்கி நிற்கும் கட்டைபோன்ற காய், அடியிலிருந்து ஐந்து ஓடுகளாகப் பிளந்து விழும். நடுவே ஐந்து பட்டைத் தண்டு ஒன்று மிஞ்சும். அந்தத் தண்டோ ஓடோ கிடைத்தால் போதும். இரண்டு வகை மகோகனியைப் பிரிக்க ஸ்கேலை எடுங்கள்: சிறகோடு சேர்த்து நாலைந்து சென்டிமீட்டர் என்றால் சிறிய இலை மகோகனி, ஏழுக்கு மேல் என்றால் பெரிய இலை மகோகனி. நீளச் சிறகின் நடுவில் விதை இருந்து, ஒரு முனை முறுக்கியிருந்தால் பெருமரம். செம்பு நிறத்தில் இருக்கும், தன்னைத்தானே உருட்டிக்கொண்டு இறங்கும். இதைப் பீநாறி என்று சொல்கிற ஊர்கள் உண்டு. அதே பெயரைக் குதிரைப்பிடுக்கனுக்கும் சொல்வார்கள், ஆனால் அதன் காய் சிவந்த பெரிய கட்டை ஓடு, விதை கறுப்பு, சிறகு கிடையாது.

இரண்டு நீளச் சிறகு ஒரே பக்கம் நிற்க, கீழே உருண்டைக் கொட்டை என்றால் தணக்கு. வறண்ட குன்றுகளில் பார்க்கலாம், மேலே போட்டால் அழகாகச் சுழன்று இறங்கும். மூன்று சிறகு முருங்கை, முற்றிய காயைப் பிளந்தவர்கள் எல்லாரும் பார்த்ததுதான். ஐந்து பட்டை மருது, அதைக் கடைசிக் கேள்வியில் தனியாகச் சொல்கிறேன். விதை தட்டையாக, சிறகு கண்ணாடித்தாள்போல் ஒளி ஊடுருவும்படி இருந்தால் வெளிநாட்டு அழகு மரங்களைப் பாருங்கள். படகு வடிவக் கட்டை ஓடு கிடந்தால் ஆப்பிரிக்கத் துலிப். ஒல்லியான நீள உருளைக்காய் இரண்டாகப் பிளந்து கிடந்தால், இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளுமே, அந்த டபேபுயா.

பஞ்சு பறந்து வந்து வீட்டுக்குள்ள விழுது. இலவம்பஞ்சா, எருக்கா?

பஞ்சு விதையோடு ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். இலவத்தில் பஞ்சு காயின் உட்சுவரிலிருந்து வளர்வது. கறுப்பு விதை அதற்குள் சும்மா கிடக்கும், தட்டினால் விழுந்துவிடும். எருக்கில் ஒவ்வொரு தட்டை விதையின் ஒரு முனையிலும் பட்டுக் குஞ்சம் முளைத்திருக்கும். ஆனால் அது செடி. மரம் தேடுகிறவர்கள் வெட்பாலையை மறக்கக் கூடாது. அதன் விதையும் ஒல்லியாக, ஒரு முனையில் குஞ்சத்தோடு இருக்கும், கிளையில் நீள நெற்றுகள் இரண்டிரண்டாகத் தொங்கும். குஞ்சம் இரண்டு முனையிலும் இருந்தால் ஏழிலைப்பாலை.

தட்டையா நீளமா நெத்து. இப்படி பத்து மரத்துல பாத்திருக்கேன். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பயறு இனத்து மரங்கள்தாம் நகரத்தில் அதிகம், அதனால் இந்தக் குழப்பமும் அதிகம். முதலில் நீளம். ஒன்று முதல் இரண்டு அடி, கனத்த கட்டை, கறுத்து வாள்போல் இருந்தால் குல்மோஹர். உடைத்தால் குறுக்குக் குறுக்கான அறைகளில் நீள்விதைகள் படுத்திருக்கும். அதே நீளத்தில் உருளையாக இருந்தால் சரக்கொன்றை; உள்ளே காசடுக்கியதுபோல் தடுப்புகள், கறுத்த பிசுக்கு. ஓர் அடிக்குள், வைக்கோல் நிறத்தில், காகிதம்போல் மெலிந்து விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்திருந்தால் வாகை. இலை உதிர்ந்த மரத்தில் அந்த நெற்றுகள் காற்றில் சலசலப்பதைத் தூரத்திலேயே கேட்கலாம். அதே நீளம், ஆனால் தடித்து, கறுத்து, மிதித்தால் செருப்பில் ஒட்டினால் தூங்குமூஞ்சி. மாடுகள் தேடி வந்து தின்னும்.

சிறியவற்றுக்கு வருவோம். இரண்டு முனையும் கூராகி, இரண்டு விளிம்பிலும் மெல்லிய ஓரத்தோடு, செம்பு நிறத்தில் விரல் நீளம் இருந்தால் இயல்வாகை. மஞ்சள் பூ பூக்கும், தெருவோரத்தில் ஏராளம். கட்டையாக, உள்ளங்கைக்குள் அடங்கி, ஒரே விதையோடு, தானாக வெடிக்காமல் கிடந்தால் புங்கம். மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருந்தால் கருவேலம். சுருண்டிருந்து, கறுப்பு விதையைச் சுற்றி வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன சதை இருந்தால் கொடுக்காப்புளி, அதை அடையாளம் காட்ட ஸ்கூல் வாசலில் நிற்கும் எந்தப் பிள்ளையும் போதும். முறுக்கிய நெற்றிலிருந்து கறுப்பு விதைகள் ஆரஞ்சு நிற நூலில் தொங்கினால், சவுக்குத் தோப்புகளுக்குப் பக்கத்தில் நடுகிறார்களே, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியா.

நெற்றில் ஒரே விதை, அதுவும் நுனியில் மட்டும், மீதமெல்லாம் வெறும் தட்டைச் சவ்வு என்றால் இரண்டு பேர்: விரல் நீளத்துக்கு மேல், அகலமாக இருந்தால் புரசு, அதில் பாதி அளவுக்குச் சிறிதாக, வறண்ட சேலம், தருமபுரிப் பக்கம் எடுத்தது என்றால் ஆச்சா.

கொட்டையில ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப்போய் தேஞ்ச மாதிரி இருக்கு. அடிபட்டதா?

அடிபட்டது இல்லை; பழத்தோடு ஒட்டியிருந்த தழும்பு அது. இலுப்பைக் குடும்பத்தின் முத்திரை என்றே சொல்லலாம். விதையின் மற்ற பாகம் மெருகு போட்டதுபோல் மின்னும், தழும்பு மட்டும் மங்கலாக இருக்கும். வீட்டில் சப்போட்டாக் கொட்டையை எடுத்துப் பாருங்கள், ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

நீளமான பழுப்புக் கொட்டையில் தழும்பு ஒரு பக்கம் நெடுக ஓடினால் இலுப்பை; ஆனி, ஆடியில் பழைய கோயில்களைச் சுற்றிக் கிடைக்கும். தட்டைக் கொட்டையில் அடி முனையில் மட்டும் சின்ன வட்டத் தழும்பு இருந்தால் மகிழம்.

எட்டிக்கொட்டையும் தேத்தாங்கொட்டையும் ஒண்ணுதானே?

நெருங்கிய சொந்தம், ஒன்றல்ல. எட்டி விதை சாம்பல் நிறத் தட்டை வட்டம், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். பட்டுப்போன்ற மயிர் படிந்து மின்னும். அது சிறு ஆரஞ்சுப்பழம் அளவுள்ள, ஓடு கெட்டியான பழத்துக்குள் பலவாக இருக்கும். தேற்றான் விதை அதில் பாதி அளவு, உருண்டை, வெளிர்மஞ்சள். கறுப்பான சின்னப் பழத்துக்குள் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. தேற்றானைக் கலங்கல் நீர் தெளியப் பானையின் உட்புறம் தேய்ப்பார்கள். எட்டியில் ஸ்ட்ரிக்னைன் என்னும் நஞ்சு இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

கடிச்சுப் பாத்தா தெரிஞ்சிடாதா? எங்க தாத்தா அப்படித்தான் பாப்பாரு.

உங்கள் தாத்தா ஏற்கெனவே தெரிந்த மரத்தை உறுதிசெய்யக் கடித்திருப்பார். தெரியாத விதையை வாயில் வைக்காதீர்கள், நுனி நாக்கில்கூட. குன்றிமணியும் எட்டியும் மேலே வந்துவிட்டன. வீட்டு வாசலில் வளரும் தங்க அரளியின் கொட்டை, காட்டாமணக்கு முத்து, ஆமணக்கு முத்து, கேரளப் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் கிடக்கும் காட்டரளிக் காய், எல்லாமே உயிருக்கு ஆபத்தானவை. காட்டாமணக்கின் பருப்பு தின்ன ருசியாக இருக்கும் என்பதால் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ருசியை நம்பக் கூடாது என்பதற்கு அதுவே போதும்.

யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். தின்ற விதையில் மிச்சத்தையும், கிடைத்தால் ஒரு முழுக்காயையும் பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

தண்ணில போட்டா மெதக்குது. அப்ப என்ன மரம்?

மிதப்பதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. ஒரே மரத்தின் நல்ல விதை மூழ்கும், பொக்கு விதை மிதக்கும். முளைக்குமா என்று ஓரளவு ஊகிக்கத்தான் அந்தச் சோதனை. விதிவிலக்காக ஒன்று சொல்லலாம்: மூன்று மூன்றாக ஒட்டிய சுருங்கிய காய், உள்ளே கறுப்பு உருண்டை விதை, தோலைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை. அது பூந்திக்கொட்டை.

மொபைல் ஆப்ல போட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேரு சொல்லுது. எதை நம்புறது?

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாம் மனிதர்கள் ஏற்றிய படங்களிலிருந்து கற்றுக்கொண்டவை. மக்கள் பூவையும் இலையையும்தான் அதிகம் படமெடுக்கிறார்கள்; தரையில் கிடக்கும் கொட்டையை எடுப்பவர்கள் குறைவு. ஆகவே விதைப் படத்துக்கு ஆப் தரும் பதில் ஊகம்தான். அதே மரத்தின் இலையைக் காட்டினால் பதில் தேறிவிடும்.

ஆப் சொல்லும் பெயரைத் தூக்கி எறியவும் வேண்டாம். வந்த நாலு பெயரையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் காய் எப்படி இருக்கும் என்று தேடிப் பாருங்கள். 'தென் அமெரிக்க மழைக்காட்டு மரம்' என்று சொன்னால் உடனே சிரிக்காதீர்கள்: நாகலிங்கமும் தூங்குமூஞ்சியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்து நம்மூரில் நிற்பவைதாம்.

மொளைக்க வெச்சுப் பாத்தா கண்டுபிடிக்கலாமா?

பொறுமை இருந்தால் நல்ல வழி. வாகை, மஞ்சாடி, சரக்கொன்றை போன்ற பயறு இனங்களின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி, ஆறியபின் இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஊதியவை மட்டும் முளைக்கும். ஊதாதவற்றின் தோலில் ஓரமாகச் சிறிது உரசிவிட்டு மறுபடி ஊறவிடலாம். வேம்புக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம், ஆனால் சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் குறைந்துவிடும். போன வருஷம் எடுத்து டப்பாவில் வைத்திருந்த வேப்பங்கொட்டை பயன்படாது.

முளைத்ததும் வரும் முதல் இலை பெரிய மரத்து இலைபோல் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வேம்பின் முதல் இலை மூன்று சிற்றிலையோடு வரும். பல சிற்றிலைகள் கொண்ட நாம் அறிந்த வேப்பிலை பிறகுதான். நாலைந்து இலை வந்தபின் படம் எடுத்து அனுப்புங்கள், சொல்லிவிடலாம்.

சுத்தி நெத்தும் இல்ல, ஓடும் இல்ல. ஒத்த விதை மட்டும்தான். ஒண்ணுமே செய்ய முடியாதா?

பெயர்வரை போக முடியாவிட்டாலும் குடும்பம்வரை போகலாம். தட்டையான பழுப்பு விதையின் இரண்டு முகத்திலும் குதிரைலாடம்போல் ஒரு கோடு தெரிகிறதா? தூங்குமூஞ்சி, வாகை, வேல மரங்களின் கூட்டம் அது. வெளுத்த தழும்பு இருந்தால் மேலே சொன்ன இலுப்பைக் குடும்பம்.

இரண்டுமே இல்லையென்றால் பாதியாக வெட்டுங்கள். உள்ளே வெள்ளைச் சதையில் பழுப்புக் கோடுகள் ஓரத்திலிருந்து உள்நோக்கி நெளிந்து ஓடினால் சீத்தாப்பழக் குடும்பம். சென்னையில் அது அநேகமாக நெட்டிலிங்கம், வௌவால் போட்டது. கல்போன்ற கொட்டையில் ஐந்து முகடு இருந்து, வெட்டினால் அறைகள் தெரிந்தால் மலைவேம்பு இனம். வேப்பங்கொட்டையில் இப்படி முகடு இருக்காது. வட்டத் துளையும் உள்ளே தூளும் மட்டும் இருந்தால் வண்டு முந்திக்கொண்டது, வேறு விதை தேடுங்கள்.

பீச்ல கெடந்தத எடுத்தேன். அந்த ஊர் மரம் எதோடயும் ஒத்துப்போகல.

கடற்கரையில் மேலே சொன்ன 'சுற்றிப் பார்க்கும்' விதி செல்லாது; கடல் எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவரும். பாதாமும் புன்னையும் மிதந்தே பரவும் மரங்கள். அவற்றின் காய் கரையில் கிடந்தால் பக்கத்தில் மரம் இருக்க வேண்டும் என்றில்லை. சாம்பல் நிற உருண்டையாக, கோலிபோல் கெட்டியாக இருந்தால் கழற்சிக்காய், அது முட்கொடி. உள்ளங்கையில் பாதி அகலமுள்ள பழுப்பு வட்டுகள் என்டாடா எனும் காட்டுக்கொடியின் விதை. அதன் நெற்று ஒரு மீட்டரைத் தாண்டும். பச்சைக் குச்சிபோல் நீண்டு ஒரு முனை கூராக இருந்தால், பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டுச் சுரபுன்னையின் நாற்று. விதை தாய்மரத்திலேயே முளைத்து நாற்றாகத்தான் விழும், அதனால் விதையைத் தேடாதீர்கள்.

காட்டுக்குள்ள ட்ரெக்கிங் போனப்ப எடுத்துட்டு வரலாமா?

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் கீழே கிடந்தாலும் எடுக்கக் கூடாது. படம் எடுங்கள், போதும்.

இதெல்லாம் பாத்தும் பேரு கெடைக்கல. யார்கிட்ட கேக்கறது?

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் எனும் பழைய தாவரத் தொகுப்பு அங்கேதான். ஆனால் ஒற்றை விதையோடு போய் நிற்காதீர்கள். காயும் இலையும் உள்ள சிறு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, எடுத்த இடம், தேதி, மரத்தின் உயரம், பட்டையின் நிறம் எழுதிக் கொண்டுபோனால் பார்ப்பவருக்கும் வேலை சுலபம். அதற்கு முன்னால் பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையைக் கேளுங்கள், பல இடங்களில் சொந்தத் தொகுப்பு இருக்கும்.

இன்னொரு வழி காத்திருப்பது. மரம் இருக்கும் இடம் தெரியும்தானே? பூக்கும்போது போய்ப் பாருங்கள்.

அஞ்சு பட்டை இருக்கு, மருதுதான். ஆனா நீர்மருதா, கருமருதான்னு எப்படிச் சொல்றது?

இதைக் கேட்பவர்கள் மேலே உள்ள அனைத்தையும் தாண்டி வந்தவர்கள். காயின் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதில் ஓடும் கோடுகளைப் பாருங்கள். நடுக்காயிலிருந்து நேராக, படுக்கைவாட்டில் விளிம்புவரை ஓடினால் கருமருது. மேல்நோக்கி வளைந்து ஏறினால் நீர்மருது. பட்டையின் அகலமும் உதவும்: கருமருதில் அகலம், நீர்மருதில் ஒடுக்கம், தடிப்பு.

காய் பழையதாகி விளிம்பு தேய்ந்திருந்தால் கோடு தெரியாது. அப்போது மரத்திடம் போக வேண்டியதுதான்: நீர்மருது ஆற்றோரத்தில், வழவழப்பான வெளிர்ப்பட்டையைத் தகடு தகடாக உரித்துக்கொண்டு நிற்கும், கருமருதின் மரப்பட்டை கறுத்து, முதலைத்தோல்போல் ஆழமாக வெடித்திருக்கும். மரத்தையும் பார்க்க வழியில்லை, கையில் தேய்ந்த காய் மட்டும்தான் என்றால் குறிப்பேட்டில் 'மருது' என்று மட்டும் எழுதுங்கள்.